நிறுவனம் தந்த ரவுட்டருக்கு மாற்றாகக் குறைந்த செலவில் எதை வாங்குவது?

முல்லைக்கொடி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பின் திட்டப்படி பதிவிறக்க வேகம் 200 எம்பிபிஎஸ், பதிவேற்ற வேகம் 40 எம்பிபிஎஸ். இணைப்புக் கொடுத்தபோது நிறுவனத்தார் ஒரே ஒரு பெட்டியை வைத்துச் சென்றார்கள். ஃபைபர் இழை அதில்தான் வந்து சேர்கிறது, வைஃபையும் அதிலிருந்தே கிடைக்கிறது, வீட்டுத் தொலைபேசியும் அதன் பின்புறத்தில்தான் செருகப்பட்டிருக்கிறது. முன்னறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னறையில் அமர்ந்து வேலை செய்யும் என் கணவருக்கு மட்டும் காணொளிக் கூட்டங்கள் அடிக்கடி உறைந்து நின்றுவிடுகின்றன. என் கைபேசி படங்களை இணையச் சேமிப்பிடத்துக்கு ஏற்றத் தொடங்கும் நேரங்களில் இந்தத் தொல்லை இன்னும் கூடுகிறது. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் பெரும்பகுதி பூட்டப்பட்டிருக்கிறது. ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இயங்கும் மென்பொருள்) என்ற இடத்தில் காட்டும் தேதியோ பல ஆண்டுகள் பழையது.

ஒரு விற்பனையாளர் ஆறு ஆன்டெனாக்கள் கொண்ட ஏஎக்ஸ்3000 வகையைப் பரிந்துரைக்கிறார். உறவினர் ஒருவர், அதில் பாதி விலைக்குக் கிடைக்கும் ஏசி1200 வகையே போதும் என்கிறார். அதிகம் செலவிட எங்களால் இயலாது. வாங்கினால் நான்கைந்து ஆண்டுகளாவது உழைக்க வேண்டும். எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கம்பிவழி:

வணக்கம் அம்மா. எந்த ரவுட்டர் என்ற கேள்விக்குப் போகும் முன், இப்போது இருக்கும் பெட்டி என்னென்ன வேலைகளைச் செய்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது குறைந்தது நான்கு வேலைகளைச் செய்கிறது. ஃபைபர் வழியே வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுகிறது (இதை ஓஎன்டி என்பார்கள்). நிறுவனத்தின் வலையமைப்பில் உள்நுழைந்து, கிடைக்கும் ஒற்றை முகவரியை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பகிர்கிறது. ரவுட்டர் என்ற பெயருக்குரிய வேலை இதுதான். அத்துடன் வைஃபை தருகிறது, தொலைபேசியையும் நடத்துகிறது. நீங்கள் வாங்கப்போகும் ரவுட்டர் இவற்றில் இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டுமே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான ஃபைபர் வலையமைப்புகளில் ஓஎன்டி பெட்டி அதன் வரிசை எண்ணைக் கொண்டோ, அதற்கென்று தரப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டோதான் அடையாளம் காணப்படுகிறது. ஆகவே இழையைக் கழற்றி வேறொரு பெட்டியில் செருகிவிடலாம் என்று எண்ண வேண்டாம். நிறுவனத்தின் பெட்டி வீட்டில் இருக்கத்தான் செய்யும். அதன் பின்னால் உங்கள் ரவுட்டர் அமரும்.

அப்படி அமர்த்துவதற்குச் சிறந்த வழி, நிறுவனத்தின் பெட்டியை பிரிட்ஜ் மோடில் வைப்பது. அப்போது அது ஒளியை மாற்றித் தருவதோடு நின்றுவிடும், மற்றவற்றை உங்கள் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். இதற்கு நிறுவனத்திடம் மூன்று செய்திகளைக் கேட்டு வாங்க வேண்டும். இணைப்பு பிபிபிஓஇ முறையில் உள்நுழைகிறதா, ஆம் என்றால் அதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் என்ன? விலேன் எண் (ஒரே கம்பியில் செல்லும் தரவைத் தனித்தனிப் பாதைகளாகப் பிரிக்கும் எண்) ஏதேனும் குறிக்க வேண்டுமா? தொலைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் தனி விலேன் இருக்கிறதா? இவை தெரியாமல் ரவுட்டரை வாங்கி வந்தால், பெட்டியைத் திறந்த அன்றே வேலை நின்றுபோகும். விலேன் எண் குறிக்க வேண்டிய இணைப்பு என்றால், நீங்கள் வாங்கும் ரவுட்டரின் இணையப் போர்ட்டில் அதைக் குறிக்கும் வசதி இருக்கிறதா என்பதையும் பயனர் கையேட்டைப் பதிவிறக்கி முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மலிவான வகைகள் சிலவற்றில் அந்த வசதி இருப்பதில்லை.

அதற்கும் முன்னால் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. மடிக்கணினி ஒன்றை லேன் கேபிள் வழியாக நேரடியாகப் பெட்டியில் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். பிறகு பின்னறையில் வைஃபையில் அளந்து பாருங்கள். மூன்றாவதாக, கைபேசியிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே, கேபிளில் இணைத்த மடிக்கணினியிலிருந்து பிங் (சிறு பொதி ஒன்றை அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) கொடுத்துத் தாமதத்தைக் கவனியுங்கள். இந்த மூன்று அளவீடுகளும் கையில் இருந்தால் பாதிப் பரிந்துரைகளை நீங்களே தள்ளிவிடலாம்.

அலைவரிசை:

கம்பிவழி சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டு வாருங்கள். அதற்கிடையில், பெட்டிகளின் மேல் அச்சிடும் எண்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் வீணாகும் இடம் அதுதான்.

ஏசி, ஏஎக்ஸ் என்பவை வைஃபையின் இரண்டு தலைமுறைகள், ஏஎக்ஸ் புதியது. ஏசி1200 என்பதில் உள்ள 1200, எந்தக் கருவிக்கும் கிடைக்கும் வேகம் அன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300, 5 கிகாஹெர்ட்ஸின் 867 என்ற இரண்டு உச்ச எண்களைக் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கியிருக்கிறார்கள். அதேபோல ஏஎக்ஸ்1800 என்பது 574-ம் 1201-ம் சேர்ந்தது. ஏஎக்ஸ்3000 என்பது 574-ம் 2402-ம் சேர்ந்தது. உங்கள் கைபேசி ஒரு நேரத்தில் ஏதேனும் ஒரு அலைவரிசையில் இணைந்திருக்கும், அந்த அலைவரிசையின் உச்ச எண்ணிலும் பாதியோ அதற்குச் சற்று மேலோதான் நடைமுறையில் பெறும். ஏஎக்ஸ்3000-இன் கூடுதல் வேகம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலமான சேனலிலிருந்து வருகிறது. உங்கள் கைபேசியும் மடிக்கணினியும் அந்த அகலத்தை ஏற்காவிட்டால் அந்தக் கூடுதலால் உங்களுக்குப் பயனில்லை. மேலும், 5 கிகாஹெர்ட்ஸில் அத்தனை அகலம் வேண்டுமென்றால், பெரும்பாலான நாடுகளில் ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்களுக்குள் நுழைய வேண்டியிருக்கும். ரேடார் சமிக்ஞை தென்பட்டால் ரவுட்டர் உடனே சேனலை மாற்றியாக வேண்டும், அந்த நேரத்தில் நடக்கும் கூட்டம் அறுபடக்கூடும். 200 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 80 மெகாஹெர்ட்ஸ் அகலமே தாராளம்.

உங்கள் உறவினர் சொன்ன ஏசி1200-இல் உள்ள பொறி வேறு. அந்த வகையில் மலிவானவை பலவற்றில் கேபிள் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் வேகம் மட்டுமே கொண்டவை. வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும், இணையம் உள்ளே வரும் வாசல் அந்தப் போர்ட்தான். அங்கே 94 எம்பிபிஎஸுக்கு மேல் வராது. நீங்கள் கட்டணம் கட்டும் 200-இல் பாதிக்கு மேல் வாசலிலேயே நின்றுவிடும். பெட்டியின் முன்பக்கத்தில் 1200 என்று பெரிதாகவும், பின்பக்கத்தில் போர்ட் வேகம் சிறிதாகவும் அச்சிட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. இணையம் நுழையும் போர்ட்டும் மற்றப் போர்ட்டுகளும் கிகாபிட் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். ரவுட்டர் வெளியிடும் ஆற்றலுக்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. அதோடு உரையாடலின் மறுமுனையில் இருப்பது கைபேசியின் சிறிய ஆன்டெனா. ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், கைபேசியின் மெலிந்த பதில் திரும்பி வந்து சேரவேண்டும். ஆறு ஆன்டெனாக்கள் வெளியே தெரிவதால் மட்டும் பின்னறைக்கு அலை எட்டிவிடாது. உள்ளே ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் எத்தனை ரேடியோ தடங்கள் உள்ளன, 2x2 என்றோ 4x4 என்றோ என்ன குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ஆன்டெனாவின் எண்ணிக்கையும் அதுவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

முல்லைக்கொடி:

இருவருக்கும் மிக்க நன்றி. சோதனைகளைச் செய்து பார்த்தோம். கேபிளில் இணைத்தால் பதிவிறக்கம் 195-ஐத் தாண்டுகிறது, ஆகவே இணைப்பில் குறையில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். பின்னறையில் 5 கிகாஹெர்ட்ஸ் சமிக்ஞை ஒற்றைக் கோடாகத்தான் தெரிகிறது, மடிக்கணினி தானாகவே 2.4-க்கு மாறிக்கொள்கிறது, அங்கே 20-க்கும் 30-க்கும் இடையில் கிடைக்கிறது. எனக்கு வியப்பைத் தந்தது மூன்றாவது சோதனைதான். சும்மா இருக்கும்போது பிங் 10 மில்லிவினாடிக்குள் இருக்கிறது. கைபேசியில் ஏற்றம் தொடங்கியதும் 400, 500 என்று ஏறிவிடுகிறது. கேபிளில் இணைத்த கணினியிலும் அப்படியே என்பதால், இதற்கு வைஃபை காரணமாக இருக்க முடியாது அல்லவா?

நிறுவனத்திடம் பேசினோம். பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள், ஆனால் தொலைபேசி நின்றுபோகும் என்றும் எச்சரிக்கிறார்கள். மாமியார் அந்தத் தொலைபேசியைத்தான் பயன்படுத்துகிறார், அதை இழக்க முடியாது.

இரவுப்பணி:

உங்கள் கணிப்பு சரியே. இந்தக் கோளாறுக்கு பஃபர்புளோட் என்று பெயர். வீட்டுப் பெட்டி, அனுப்ப வேண்டிய தரவுப் பொதிகளை வரிசையில் நிறுத்தி வைத்து, இணைப்பு அனுமதிக்கும் வேகத்தில் ஒவ்வொன்றாக வெளியேற்றுகிறது. நினைவகம் மலிந்துபோனதால் அந்த வரிசையைத் தயாரிப்பாளர்கள் அளவுக்கு மீறி நீளமாக வைத்துவிட்டார்கள். உங்கள் கைபேசி படங்களைக் கொண்டு 40 எம்பிபிஎஸையும் நிரப்பியதும் வரிசை நீண்டுவிடுகிறது. உங்கள் கணவரின் குரலைச் சுமந்து வரும் சிறு பொதி அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. அது அரை வினாடி கழித்து வெளியேறும்போது உரையாடல் உடைந்திருக்கும். வேகத்தைக் கூட்டினால் இது தீர்ந்துவிடும் என்று நினைத்து மேல் திட்டத்துக்கு மாறுகிறவர்கள் பலர். வரிசையை ஒழுங்குபடுத்தாதவரை, எந்த வேகத்திலும் யாரேனும் இணைப்பை நிரப்பும் நேரத்தில் அதே கதைதான் தொடரும்.

2010-ஆம் ஆண்டு வாக்கில் கணினிப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் இதைத் தம் வீட்டு இணைப்பில் அளந்து, இந்தப் பெயரையும் சூட்டிப் பரவலாகப் பேசவைத்தார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். ஒரு பொதி வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதை அளந்து, காத்திருப்பு நீடித்தால் சில பொதிகளைக் கைவிட்டு, அனுப்புகிறவர் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளச் செய்வது அதன் அடிப்படை. ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை கொடுக்கும் எஃப்க்யூ-கோடெல் அதிலிருந்து வளர்ந்து, 2018-இல் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 8290 ஆக இடம்பெற்றது. அதற்கு அடுத்து வந்த கேக் என்ற முறை, லினக்ஸ் இயங்குதளத்தின் 4.19 பதிப்பு முதல் அதன் கருவிலேயே இடம்பெற்றிருக்கிறது. இவற்றை வீட்டு ரவுட்டர்களுக்குக் கொண்டுவரத் தன்னார்வலர்களைத் திரட்டி ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் டேவ் டாட். அவர் 2025-இல் மறைந்துவிட்டார் என்றாலும், அவர் உழைப்பின் பயன் இன்று மிக மலிவான பெட்டிகளிலும் கிடைக்கிறது.

ஆகவே நீங்கள் வாங்கும் ரவுட்டரில், வரிசைகளை இப்படி ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கியூஓஎஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பிவிட வேண்டாம், அந்தப் பெயரில் வெறும் முன்னுரிமைப் பட்டியலையே பலர் தருகிறார்கள். எஸ்க்யூஎம் இயங்க, இணைப்பின் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைவான வரம்பை ரவுட்டரில் குறித்துவிட வேண்டும். அப்போதுதான் வரிசை நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் உங்கள் ரவுட்டரில் சேரும், அங்கே அதை ஒழுங்குபடுத்த முடியும். உங்களுக்குப் பதிவேற்றத்தில் 36 என்று தொடங்கி, பிங் கெடாதவரை மெல்ல உயர்த்திப் பார்க்கலாம். இதற்குச் செயலி உழைக்க வேண்டியிருக்கும். பொதிகளைத் தனி வன்பொருள் வழியே கடத்தும் குறுக்குவழி எஸ்க்யூஎம்மோடு சேர்ந்து இயங்காது என்பதால், வேகம் முழுவதும் செயலியின் தோளில் விழுகிறது. ஆனால் உங்கள் சோதனையில் கெடுவது பதிவேற்றத் திசை. 40 எம்பிபிஎஸ் அளவுக்கு மட்டும் இதைச் செய்ய மிக எளிய செயலியே போதும். பதிவிறக்கத்துக்கும் வேண்டுமானால் மீடியாடெக்கின் ஃபிலாஜிக் 820 போன்ற இரட்டைக் கரு ஆர்ம் செயலி 200 எம்பிபிஎஸைச் சிரமமின்றித் தாங்கும்.

எளியவழி:

எல்லோரும் நிறுவனத்தின் பெட்டியைப் பிரிட்ஜ் மோடில் வைப்பதையே ஒரே வழியாகப் பேசுகிறீர்கள். ஒரு மாற்றுக் கருத்தை வைக்க விரும்புகிறேன். நிறுவனத்தின் பெட்டியில் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டு, பின்னறைக்கு அருகில் மலிவான ஒரு கருவியை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாக மட்டும் பரப்பும் அமைப்பில்) வைத்தால் தொலைபேசிக்கும் தொந்தரவில்லை, உள்நுழைவு விவரங்களும் தேவையில்லை. இணைப்பு பழுதாகி அழைக்கும்போது, "உங்கள் ரவுட்டரைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள்" என்று சொல்லவும் நிறுவனத்தாருக்கு இடமிருக்காது. தொழில்நுட்பத்தில் நாட்டமில்லாத வீட்டில், பழுது வந்தால் யார் பொறுப்பு என்பது தெளிவாக இருப்பதே பெரிய நிம்மதி.

கம்பிவழி:

பொறுப்பு தெளிவாக இருக்க வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஆக்சஸ் பாயின்ட் மோடில் உங்கள் கருவி வெறும் வைஃபை வாசலாக மட்டுமே இருக்கும். வரிசைகளை ஒழுங்குபடுத்துவதும் தீச்சுவரும் முகவரிப் பகிர்வும் பழைய பெட்டியிடமே தங்கிவிடும். முல்லைக்கொடி வீட்டில் பாதிக் கோளாறு அந்தப் பெட்டியின் வரிசையில் இருக்கிறது, அதன் ஃபர்ம்வேரோ ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படவில்லை. ஆகவே இவர்களுக்கு அந்த வழி பின்னறையை மட்டும்தான் தீர்க்கும்.

தொலைபேசியைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் உள்ளன. இத்தகைய பெட்டிகளில் இணையத்துக்கு ஓர் இணைப்பும் குரலுக்கு மற்றோர் இணைப்பும் தனித்தனியாக அமைக்கப்பட்டிருப்பது வழக்கம். "இணைய இணைப்பை மட்டும் பிரிட்ஜுக்கு மாற்றுங்கள், குரலுக்கானதை அப்படியே விடுங்கள்" என்று இதே சொற்களில் கேட்டுப் பாருங்கள். முதல்நிலை உதவியாளருக்குத் தெரியாவிட்டாலும் களப் பணியாளருக்குத் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. அதற்கும் மறுத்துவிட்டால், பெட்டியை இருக்கிறபடியே விட்டு, உங்கள் ரவுட்டரை வழக்கமான ரவுட்டர் மோடில் அதன் ஒரு போர்ட்டில் செருகிவிடுங்கள். பழைய வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டுக் கருவிகள் அனைத்தையும் புதியதில் இணையுங்கள்.

இதனால் முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கும், இதை டபுள் நாட் என்று சொல்லி அச்சுறுத்துவார்கள். இணையத்தில் படிப்பது, படம் பார்ப்பது, காணொளிக் கூட்டம் ஆகியவற்றுக்கு அதனால் கெடுதல் ஏதுமில்லை. எஸ்க்யூஎம்மும் அந்த அமைப்பில் ஒழுங்காகவே இயங்கும். வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்கு வர வேண்டியவர்களுக்கும், சில இணைய விளையாட்டுகளுக்கும் மட்டுமே தொல்லை. அவர்களுக்கும் வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கருவிக்கு அனுப்பும், பழைய பெட்டியின் டிஎம்இசட் அமைப்பில் புதிய ரவுட்டரின் முகவரியைக் குறித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். உங்களுக்கு வந்திருக்கும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், நிறுவனமே ஒரு முறை முகவரியை மாற்றித்தான் தருகிறது என்று பொருள். அதை எந்த ரவுட்டரும் சரிசெய்ய முடியாது. இரண்டு பெட்டிகளும் 192.168.1 என்ற ஒரே தொடரைப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றை வேறு தொடருக்கு மாற்றிவிடுங்கள்.

திறமூலம்:

வேகத்தையும் அலைவரிசையையும் பற்றி நிறையப் பேசிவிட்டோம். நான்கைந்து ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்று முல்லைக்கொடி முதல் பதிவிலேயே சொன்னதற்கு இதுவரை யாரும் விடை தரவில்லை. வன்பொருள் அத்தனை ஆண்டுகள் பெரும்பாலும் உழைத்துவிடும். புதுப்பிப்புகள் அத்தனை ஆண்டுகள் வருமா என்பதுதான் கேள்வி, மலிவான ரவுட்டர் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ரவுட்டர் என்பது இணையத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு இரவும் பகலும் இயங்கும் கணினி. 2016-இல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத ஆலைக் கடவுச்சொற்களைக் கொண்டே ரவுட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் கைப்பற்றி, அவ்வாண்டு அக்டோபரில் உலகின் பெரிய தளங்கள் பலவற்றை எட்டவிடாமல் செய்தது. 2018-இல் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் நுழைந்திருந்ததாக சிஸ்கோவின் டாலோஸ் பிரிவு அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை கலைத்ததாக அறிவித்த, கைப்பற்றப்பட்ட கருவிகளின் கேவி என்ற வலையில் சிக்கியிருந்தவற்றில் பெரும்பாலானவை, தயாரிப்பாளர்கள் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய சிஸ்கோ, நெட்கியர் ரவுட்டர்கள். அவற்றின் உரிமையாளர்களுக்கு வேகம் குறைந்ததாகக் கூடத் தோன்றியிராது. ஆதரவு முடிந்த ரவுட்டரில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டை, அந்த ரவுட்டர் குப்பைக்குப் போகும்வரை திறந்தே கிடக்கும்.

ஆகவே வாங்கும் முன் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாதிரிக்கான பக்கத்தைத் திறந்து, கடைசிப் புதுப்பிப்பு எப்போது வந்தது, அதே நிறுவனத்தின் மூன்று நான்கு ஆண்டுகள் பழைய மாதிரிகளுக்கு இன்னும் வருகிறதா என்று பாருங்கள். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் முதல், எத்தனை காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதனால் சில தயாரிப்பாளர்களின் பிரித்தானியத் தளங்களில் அந்தத் தேதி கிடைக்கும். எந்த நாட்டில் வாங்குகிறவருக்கும் அது நல்ல குறிப்பு.

தயாரிப்பாளர் கைவிட்டாலும் நம்மைக் கைவிடாத வழி ஒன்று உண்டு. அது ஓப்பன்டபிள்யூஆர்டி, தயாரிப்பாளரின் ஃபர்ம்வேருக்கு மாற்றாக ரவுட்டரில் ஏற்றக்கூடிய திறமூல ஃபர்ம்வேர். லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரில் லினக்ஸைப் பயன்படுத்தியதால், உரிமத்தின்படி அதன் மூலநிரலை 2003-இல் வெளியிட நேர்ந்தது. அதிலிருந்து 2004-இல் இந்தத் திட்டம் பிறந்தது. இன்றுவரை தன்னார்வலர்களால் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. இரவுப்பணி சொன்ன எஸ்க்யூஎம் இதில் இலவசமாகக் கிடைக்கிறது. இதற்காக வாங்குவதானால், ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தின் வன்பொருள் அட்டவணையில் அந்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ரேமும் இருக்கட்டும். மீடியாடெக் சிப் கொண்டவை பொதுவாக நன்கு ஆதரிக்கப்படுகின்றன. பிராட்காம் வைஃபை சிப் கொண்டவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வன்பொருள் பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில், வி1-இல் ஒரு சிப்பும் வி2-இல் முற்றிலும் வேறு சிப்பும் வைத்து விற்பது இத்துறையில் சாதாரணம். கூடி டபிள்யூஆர்3000, ஜிஎல்ஐநெட்டின் சிறிய ரவுட்டர்கள் ஆகியவற்றை இந்த நோக்கில் பலர் வாங்குகிறார்கள். ஜிஎல்ஐநெட் தன் ரவுட்டர்களை ஓப்பன்டபிள்யூஆர்டியை அடிப்படையாகக் கொண்ட ஃபர்ம்வேரோடு விற்பதால், தொடங்குகிறவருக்கு எளிது.

எளியவழி:

பாதுகாப்பைப் பற்றிச் சொன்னது மனத்தில் தைத்தது, முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் வேறு ஃபர்ம்வேரை ஏற்றும்போது மின்சாரம் போனால் பெட்டியே பயனற்றுப் போகலாம் என்பதையும், உத்தரவாதம் செல்லாமற் போகக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஃபர்ம்வேரையும் யாரேனும் நினைவு வைத்திருந்து புதுப்பிக்கத்தான் வேண்டும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ரவுட்டர், கையால் புதுப்பிக்க வேண்டிய சிறந்த ரவுட்டரைவிட பல வீடுகளுக்குப் பாதுகாப்பானது.

திறமூலம்:

நியாயமான திருத்தம். வீட்டில் ஒருவருக்காவது இதில் ஆர்வம் இருந்தால் மட்டுமே என் பரிந்துரை பொருந்தும். இல்லையென்றால், தானியங்கிப் புதுப்பிப்பும் எஸ்க்யூஎம்முக்கு நிகரான வசதியும் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரிலேயே உள்ள மாதிரியை வாங்கி, ஓப்பன்டபிள்யூஆர்டி ஆதரவைப் பிற்காலத்துக்கான காப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அலைவரிசை:

பின்னறையைப் பற்றி இன்னும் பேசவில்லை. புதிய ரவுட்டரைப் பழைய பெட்டி இருக்கும் அதே மூலையில் வைத்தால், பின்னறையில் பெரிய மாற்றம் இருக்காது. ஃபைபர் நுழையும் இடத்தில்தான் ரவுட்டரும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்தின் பெட்டிக்கு மட்டுமே உரியது. இரண்டையும் ஒரு லேன் கேபிளால் இணைத்து, உங்கள் ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். கேட்5இ கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைத் தரும், வீட்டுக்குள் அது போதும். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்குப் பின்னால் வைக்க வேண்டாம். கான்கிரீட் சுவர் ஒன்றைக் கடப்பதிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் பெரிதும் மெலிந்துவிடும்.

கேபிள் இழுக்க முடிகிற வீட்டில் மெஷ் தொகுப்புக்கு (தமக்குள் வைஃபையால் இணைந்து பரப்பும் பல பெட்டிகளுக்கு) செலவிடுவது தேவையற்றது என்பேன். வைஃபையைப் பிடித்து மறுபடி பரப்பும் ரிப்பீட்டர், ஒரே ரேடியோவில் கேட்பதையும் சொல்வதையும் மாறி மாறிச் செய்வதால், கிடைக்கும் வேகத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடுகிறது. நடுவில் வைத்த பின்னும் பின்னறைக்குப் போதாவிட்டால், அங்கே கேபிள் வழியாக இரண்டாவது கருவியை ஆக்சஸ் பாயின்டாக வையுங்கள். எளியவழி சொன்ன அமைப்பு அங்கே மிகப் பொருத்தம்.

முல்லைக்கொடி:

எதை வாங்குவது என்பது இப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. கிகாபிட் போர்ட்டுகள் கொண்ட ஏஎக்ஸ்1800 அளவிலான ரவுட்டர், ஆர்ம் செயலி, ஓப்பன்டபிள்யூஆர்டி அட்டவணையில் பதிப்பு எண்ணோடு பெயர் உள்ளது, இவற்றில் விலை குறைந்ததைத் தேடப்போகிறோம். ஏஎக்ஸ்3000 மாதிரி ஒன்று இதே தகுதிகளோடு விலையில் அதிக வேறுபாடின்றிக் கிடைத்தால் அதையும் பார்ப்போம். நிறுவனத்தின் களப் பணியாளர் குரல் இணைப்பை விட்டுவிட்டு இணையத்தை மட்டும் பிரிட்ஜுக்கு மாற்றித் தர ஒப்புக்கொண்டார், பிபிபிஓஇ விவரங்களையும் விலேன் எண்ணையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரே ஒரு கேள்வி: வீட்டில் வைஃபை வழி இயங்கும் விளக்கு ஒன்றும் பழைய பிரிண்டர் ஒன்றும் உள்ளன. அவை புதிய ரவுட்டரில் இணையுமா? முதல் நாள் அமைப்பில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

கம்பிவழி:

நல்ல செய்தி. பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே புதியதில் வைத்தால் பெரும்பாலான கருவிகள் தாமாகவே இணைந்துகொள்ளும். ஆனால் பழைய கடவுச்சொல் எளிதானதாகவோ பலருக்குத் தெரிந்ததாகவோ இருந்தால், சிரமத்தைப் பாராமல் மாற்றிவிடுங்கள். விளக்கும் பிரிண்டரும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும் அறிந்தவை, புதிய வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-ஐ அறியாதவை. ஆகவே பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த அமைப்பில் வையுங்கள். அதிலும் பிரிண்டர் தடுமாறினால், 2.4-இல் டபிள்யூபிஏ2 மட்டும் கொண்ட தனிப் பெயர் ஒன்றை உருவாக்கி, இத்தகைய கருவிகளை அதில் விட்டுவிடுங்கள். 2.4-இல் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸாகவும், சேனல் 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்ததாகவும் இருக்கட்டும்.

நிர்வாகக் கடவுச்சொல்லை முதலிலேயே மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்து வையுங்கள். கடவுச்சொல் இல்லாமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதால், 11,000 முயற்சிகளுக்குள் அதை உடைத்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியான உண்மை. பிபிபிஓஇ இணைப்பில் எம்டியூ (ஒரு பொதியின் உச்ச அளவு) 1492 என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ரவுட்டரே அதை அமைத்துவிடும், தவறியிருந்தால் சில தளங்கள் மட்டும் திறக்காமல் குழப்பும்.

இரவுப்பணி:

எல்லாம் முடிந்த பின் அதே மூன்றாவது சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கைபேசியில் ஏற்றம் நடக்கும்போது பிங் 30 மில்லிவினாடிக்குள் நின்றால் வரம்பு சரியாக இருக்கிறது. ஏறினால் 36-ஐ 34 ஆக்கிப் பாருங்கள். நிறுவனம் திட்டத்தின் வேகத்தை மாற்றும்போதெல்லாம் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் வேகம் கூடியது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

திறமூலம்:

நிறுவனத்தின் பெட்டியையும் அதன் அடாப்டரையும் வேறு எதற்கும் எடுத்துவிட வேண்டாம். இரண்டு அடாப்டர்களின் முனைகளும் ஒரே மாதிரி இருந்தாலும் வோல்ட், ஆம்பியர் அளவுகள் வேறாக இருக்கலாம் என்பதால், ஒவ்வொன்றின் மேலும் எந்தப் பெட்டிக்குரியது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பு இல்லாத ஃபர்ம்வேராக இருந்தால், மாதம் ஒரு முறை பார்க்கும்படி கைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். எந்த மாதிரியை, எந்தப் பதிப்பு எண்ணோடு வாங்கினீர்கள் என்று இங்கே எழுதினால், அதற்குரிய ஃபர்ம்வேர் கோப்பு எது என்று சரிபார்த்துச் சொல்கிறேன்; அதற்கு முன் எதையும் ஏற்ற வேண்டாம்.